ஹாஸ்டல் ஓவன்ல முதல் லசான்யா: சாஸ் கொஞ்சம் தண்ணியாவே இருக்கட்டும்

முதல்ல பேர சரி பண்ணிக்கலாம், லசாக்னா இல்ல லசான்யா, பட்டையா தகடு மாதிரி இருக்கற பாஸ்தா ஷீட்டுக்கு நடுவுல கறி சாஸ், வெள்ளை சாஸ், சீஸ் எல்லாம் அடுக்கி ஓவன்ல வேக வைக்கற இத்தாலி சாப்பாடு. நான் ஒரு செமஸ்டர் முழுக்க லசாக்னா லசாக்னான்னே சொல்லிட்டு திரிஞ்சேன், பக்கத்து ரூம்ல இருந்த இத்தாலி போலோன்யா ஊர்க்கார பையன் பாவம் ஒரு தடவ கூட திருத்தல.

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து தயிர்சாதம், முட்டை, நூடுல்ஸ்னு ஓட்டிட்டு இருந்த டைம்ல ஒரு ஞாயித்துக்கிழமை தைரியமா இறங்கினேன். நமக்குத்தான் சமையல் தெரியுமேன்னு கறி சாஸ கறித்தொக்கு மாதிரி எண்ணெய் பிரியற வரைக்கும் சுண்ட வச்சு, அத காஞ்ச ஷீட்டுக்கு நடுவுல அடுக்கி ஓவன்ல வச்சுட்டேன். வெளிய எடுத்தா ஓரமெல்லாம் பொரிக்காத அப்பளம் மாதிரி வளைஞ்சு நிக்குது, நடுவுல கத்திய விட்டா டக்குனு சத்தம் வருது. காரணம் சிம்பிள். கடையில வாங்கற காஞ்ச ஷீட் சாஸ்ல இருக்கற தண்ணிய குடிச்சுதான் வேகணும், தண்ணி ஊத்தாம அரிசிய குக்கர்ல வச்சா என்ன ஆகுமோ அதேதான் இங்கயும். இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்ததெல்லாம் கை வேலை.

சாமான சனிக்கிழமையே வாங்கிடுங்க, ஞாயிறு இங்க சூப்பர்மார்க்கெட் பூட்டியிருக்கும். நாலு பேருக்கு, 20க்கு 30 சென்டிமீட்டர் ட்ரேக்கு, 400 கிராம் கீமா, 400 கிராம் தக்காளி டின் ஒண்ணு, முக்கால் லிட்டர் கொழுப்பு எடுக்காத பால், 60 கிராம் வெண்ணெய், 60 கிராம் மைதா, 100 கிராம் பார்மசான் சீஸ், ஷீட் பாக்கெட் ஒண்ணு. மைதாவுக்கு இங்க டைப் 405னு போட்ட மாவ எடுங்க. கீமா பாக்கெட்ல கெமிஷ்ட்னு போட்டிருந்தா மாடும் பன்னியும் கலந்தது, ரிண்ட்னா மாடு மட்டும், பூட்டன்னா வான்கோழி. இத படிக்காம வாங்கிட்டு அப்புறம் முழிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. காரட், செலரிக்கு தனித்தனியா காசு குடுக்காதீங்க, சுப்பன்க்ருயூன்னு சூப்புக்கு கட்டி வச்ச காய்கறிக் கட்டு இருக்கும், அது போதும். அதுல தண்டு செலரிக்கு பதிலா கிழங்குதான் வரும், பரவால்ல. சைவம்னா 200 கிராம் மைசூர் பருப்பு, ஆனா அத முக்கால் பதம் தனியா வேக வச்சுட்டுத்தான் தக்காளியில போடணும், புளிப்புல பருப்பு சீக்கிரம் வேகாது.

இப்ப கறி சாஸ். வெங்காயம், காரட், செலரி மூணையும் முடிஞ்ச வரை பொடியா நறுக்கி, சின்ன தீயில பத்து நிமிஷம் வதக்குங்க, பிரியாணிக்கு மாதிரி சிவக்க விடக்கூடாது. அப்புறம் தீய ஏத்தி கீமாவ பரப்பிப் போட்டுட்டு கரண்டிய கீழ வச்சிடுங்க, கிண்டாதீங்க. முதல்ல தண்ணி விட்டு கொதிக்கற சத்தம் கேக்கும், அஞ்சாறு நிமிஷத்துல அது சொர்ர்னு பொரியற சத்தமா மாறும், அப்பதான் கிண்டணும், அடியில பிடிச்ச பழுப்புலதான் ருசியே இருக்கு. தக்காளி டின்ன கவுத்து, அதே டின்ல தண்ணி நிரப்பி அலசி ஊத்தி, அரை டம்ளர் பால், உப்பு, மிளகு போட்டு மூடிய கொஞ்சம் திறந்த மாதிரி வச்சு சிம்ல ஒன்றரை மணி நேரம். பால் ஊத்தறது என் கண்டுபிடிப்பு இல்ல, 1982-ல போலோன்யா வர்த்தக சபையில பதிவு பண்ணி வச்ச ரெசிபியிலயே பால் இருக்கு, பூண்டுதான் இல்ல. நான் நாலு பல் பூண்டும் ஒரு பச்ச மிளகாயும் போட்டேன், அந்தப் பையன் பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். இறக்கும்போது குழம்புக்கும் தொக்குக்கும் நடுவுல இருக்கணும், இறுகிட்டா வெந்நீர் ஊத்துங்க.

வெள்ளை சாஸ்ல எல்லாரும் பயப்படறது கட்டி தட்டறதுக்குத்தான். வெண்ணெய் உருகினதும் மைதாவ போட்டு பச்சை வாசனை போற வரைக்கும் ரெண்டு நிமிஷம் வறுங்க, நிறம் மாறக்கூடாது. பால ஒரே மூச்சா ஊத்தாம முதல்ல ஒரு கால் டம்ளர், உடனே களி மாதிரி திரண்டு நிக்கும், போச்சுன்னு நினைச்சு கொட்டிடாதீங்க, அப்படித்தான் ஆகும், அடிச்சுக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா ஊத்த ஊத்த இளகிடும். தோசை மாவு பதம் கூட கெட்டி, ஆப்ப மாவு பதத்துல நிறுத்துங்க. உப்பு போட்டு, ஜாதிக்காய ஒரு சிட்டிகை அளவு துருவி விடுங்க, அதுக்கு மேல போனா மருந்து வாசனை.

அடுக்கறதுல ரெண்டே விஷயம். ட்ரே அடியில முதல்ல வெள்ளை சாஸ், இல்லன்னா ஒட்டிக்கும். ஷீட் மேல ஷீட் ஏறக்கூடாது, ஏறின இடம் வேகாது, இடைவெளிய உடைஞ்ச துண்டு வச்சு அடைச்சுக்கலாம். ஷீட், கறி, வெள்ளை சாஸ், சீஸ்னு நாலஞ்சு அடுக்கு, உச்சியில கறி வேண்டாம், வெள்ளை சாஸையும் சீஸையும் மூல முடுக்கு விடாம பூசிடுங்க.

ஓவன முன்னாடியே சூடு பண்ணிட்டு, ஃபேன் இருந்தா 180 டிகிரி, இல்லன்னா 200. ஃபாயில் மூடி 25 நிமிஷம், எடுத்துட்டு இன்னொரு 15. நடுவுல கத்தி வெண்ணெயில இறங்கற மாதிரி இறங்கணும். வெளிய எடுத்ததும் வாசனைக்கு கை தானா போகும், 15 நிமிஷம் தொடாதீங்க, சுடச்சுட வெட்டினா அடுக்கு சரிஞ்சு தட்டுல கூழா ஓடும்.

மிச்சம் மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். காமன் ஃப்ரிட்ஜ்ல வைக்கறீங்கன்னா டப்பா மேல பெருசா பேர் எழுதி ஒட்டிடுங்க, என் ரெண்டாவது ட்ரேயோட கடைசி ரெண்டு பீஸ யார் சாப்டாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, எனக்கு அந்த ஜன்னல் பக்கம் திரும்பினவன் மேலதான் சந்தேகம்.