சிங்கப்பூர் – நியூவார்க்: விமானத் தூரமும் நேரமும் கணக்கிடும் முறை

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து நியூயார்க் பக்கத்து நியூவார்க்குக்கு இடையில் எங்கும் இறங்காமல் விமானம் போகிறது. இந்த ஒன்றைப் போட்டுப் பழகினால் எந்த இரண்டு விமான நிலையத்துக்கும் கணக்குப் போட்டுவிடலாம்.

சாங்கி: வடக்கு 1.359 பாகை, கிழக்கு 103.989. நியூவார்க்: வடக்கு 40.692, மேற்கு 74.169. மேற்குக்கும் தெற்குக்கும் மைனஸ் குறி உண்டு. அதை மறந்தால் விடை சுமார் 5,300 கி.மீ. என்று வரும், நியூவார்க் கிர்கிஸ்தான் மலையில் போய் உட்கார்ந்துவிடும்! இன்னொரு சறுக்கல், 1 பாகை 21 நிமிடத்தை 1.21 என்று எழுதுவது. 21-ஐ 60-ஆல் வகுக்க வேண்டும். சரியான எண் 1.35.

இனி சூத்திரம். இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். அவற்றின் காஸ் மதிப்புகளையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் (178.158) காஸ் மதிப்பையும் தனியே பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.742. அதன் தலைகீழ் காஸ் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் சுமார் 15,340 கி.மீ. எக்செல்லில் போடுபவர்கள் பாகையை ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையேல் விடை உளறலாக இருக்கும். மைல் வேண்டுமானால் 1.609-ஆல் வகுக்கவும், விமானிகள் சொல்லும் கடல் மைலுக்கு 1.852.

நேரத்துக்கு, மணிக்கு 900 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 17 மணி 3 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேருங்கள். 2018 அக்டோபர் 11 அன்று இரவு இந்தத் தடத்தில் கிளம்பிய முதல் ஏர்பஸ் ஏ350-900யுஎல்ஆர் (மிக நெடுந்தூர விமானம்) எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம்.

மிச்ச வித்தியாசம் காற்றாலும் பாதையாலும் வருவது. மிகக் குறுகிய பாதை வடதுருவத்துக்கு 230 கி.மீ. அருகில் போகும். ஆனால் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரத்துக் காற்று முதுகில் தள்ளினால் பசிபிக் வழியே சுற்றிப் போவதே லாபம். வான்வெளி மூடினால் கணக்கே மாறிவிடும்: 2022-க்கு முன் சுமார் ஒன்பதரை மணியில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம், ரஷ்ய வான்வெளி மூடியபின் சுமார் 13 மணி ஆனது.

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு, வருகை நேரங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றுங்கள். இரவு 11.35-க்குச் சிங்கப்பூரில் கிளம்பினால், அதிலிருந்து 8 மணியைக் கழித்தால் யுடிசி பிற்பகல் 3.35. மறுநாள் காலை 6.00-க்கு நியூவார்க்கில் இறங்கினால், கோடையில் 4 மணி கூட்டி யுடிசி 10.00. பயணம் 18 மணி 25 நிமிடம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 4-க்குப் பதில் 5 கூட்டவும். சிங்கப்பூர் கடிகாரம் வருடம் முழுக்க மாறாது.