தங்கம் ஏன் இவ்வளவு விலை? பதில் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

தங்கம் ஏன் இவ்வளவு விலை என்று யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் வரும் பதில், "அரிதாகக் கிடைக்கிறது, அதனால்தான்". முதல் தவறே இதுதான். இதில் பாதி உண்மை இருப்பதால் மீதிப் பாதியை யாரும் தேடிப் போவதில்லை.

டெல்லூரியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது. பூமியின் மேலோட்டில் ஏறக்குறைய தங்கத்தைப் போலவே அரிதானது, ஆனாலும் விலையில் தங்கத்தின் கிட்டேகூட வராது. ஏனென்றால் செம்பைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்கும் கசடிலிருந்தே அதை எடுத்துவிடலாம், வாங்குவதும் சோலார் பேனல் செய்பவர்கள் மாதிரி ஒரு சிலர்தான். ஜெட் எஞ்சின் பாகங்களில் சேர்க்கும் ரீனியம் தங்கத்தைவிட அரிது, அதுவும் தங்கத்தைவிட மலிவுதான். இதற்கு நேர் எதிர் அலுமினியம். மேலோட்டில் சுமார் 8 சதவீதம் அதுதான், ஆனால் தாதுவிலிருந்து மலிவாகப் பிரிக்கத் தெரியாத காலத்தில் அது வெள்ளியோடு போட்டி போடும் விலையில் இருந்தது. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினிய முனையை வைத்தார்கள் என்றால் எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும், பாருங்கள். இரண்டே வருடத்தில், 1886-ல், மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழியை ஹால், எரூ என்ற இருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள், அப்புறம் விலை சரிந்துவிட்டது.

ஆக, எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எவ்வளவு செறிவாக இருக்கிறது, அதை யார் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். சாதாரணப் பாறை ஒரு டன் எடுத்தால் அதில் தங்கம் சுமார் 4 மில்லிகிராம். டன்னுக்கு 4 கிராம் இருந்தால், அதாவது ஆயிரம் மடங்கு செறிவு இருந்தால், அது ஒரு நல்ல சுரங்கம். அந்த 4 கிராம் ஒரு பட்டாணி அளவுதான் இருக்கும், அதற்காக அந்த ஒரு டன் பாறையையும் உடைத்து, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊறவைத்துப் பிரிக்க வேண்டும். கடல்நீரிலும் தங்கம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர், ஜெர்மனியின் போர் இழப்பீட்டைக் கட்ட 1920-களில் அதை எடுக்கப் பார்த்து, நினைத்ததைவிட மிகமிகக் குறைவாக இருக்கிறது என்று தெரிந்து கைவிட்டார்.

சரி, அப்படியானால் வெட்டியெடுக்கும் செலவுதான் விலையைத் தீர்மானிக்கிறதா? இது அடுத்த தவறு, இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கம் துருப்பிடிக்காது, கரைந்து போகாது. அதனால் இதுவரை மனிதர்கள் எடுத்த 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தில் பெரும்பகுதி இன்னமும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் உருக்கி ஒரே கட்டியாக்கினால் பக்கத்துக்கு 22 மீட்டர் உள்ள ஒரு கனசதுரம், அவ்வளவுதான். வருடத்துக்குச் சுரங்கங்களிலிருந்து புதிதாக வருவது அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் விற்க மனம் வைக்கிறார்களா, மத்திய வங்கிகள் வாங்குகின்றனவா, வட்டி விகிதம் எப்படி, காகிதப் பணத்தின் மேல் நம்பிக்கை இருக்கிறதா, இவைதான் விலையை அதிகம் அசைக்கின்றன. விலை ஏறினால் கட்டுப்படியாகாது என்று விட்டுவைத்த மட்டமான தாதுவையும் வெட்ட ஆரம்பிப்பார்கள், அப்போது சராசரிச் செலவும் கூடவே ஏறும். செலவு விலையின் பின்னால் ஓடுவதும் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

எல்லா விலையுயர்ந்த உலோகத்தையும் ஒரே தராசில் நிறுத்துவதும் தவறு. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களில் கூடவே கிடைப்பது, எனவே வெள்ளி விலை ஏறியதும் உடனே வரத்தைக் கூட்டிவிட முடியாது. ரோடியத்தின் கதை இன்னும் வேறு. வண்டிக்கு அடியில் புகையைச் சுத்தப்படுத்தும் ஒரு டப்பா இருக்கும், அதற்குள் தேன்கூடு மாதிரி ஓட்டைகள், அந்த ஓட்டைகளின் சுவரில் மெல்லிசாகப் பூசுவதற்குத்தான் ரோடியம் முக்கியமாகப் பயன்படுகிறது. வரத்தில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து. அதனால்தான் 2021 மார்ச்சில் அவுன்ஸ் 30,000 டாலரை நெருங்கியது, 2023-ல் 5,000-க்கும் கீழே போய்விட்டது.

"தங்கம் மட்டும் இறங்கவே இறங்காது" என்று சொல்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவேன், ஏனென்றால் இதை நம்பித்தான் மொத்தச் சேமிப்பையும் உச்ச விலையில் போட்டுவிடுகிறார்கள். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர். 1999-ல் 250 சொச்சம். மறுபடி 850-ஐத் தொட 2008 வரை ஆனது. 28 வருடம்! இடையில் ஏறிய விலைவாசியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கடைசியாகச் சின்ன விஷயம்தான், ஆனால் கணக்கையே கெடுத்துவிடும். உலோகச் சந்தையில் சொல்லும் அவுன்ஸ் டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். சந்தை விலையை 28.35-ஆல் வகுத்தால் கிராம் விலை கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதலாகத் தெரியும். அதோடு அந்த விலை சுத்தத் தங்கத்துக்கானது, 22 காரட்டில் தங்கம் 91.6 சதவீதம்தான், அதையும் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.