டாக்டர்கள் பிள்ளையைச் சரியாகக் கவனிக்கவில்லையா? இங்கிலாந்தில் புகார் கொடுக்கும் வழி

நாங்கள் இங்கே வந்த புதிதில் என் மகனுக்கு மூன்று வயது. பேச்சு சரியாக வரவில்லை. கூப்பிட்டால் சில நேரம் திரும்புவான், சில நேரம் திரும்ப மாட்டான். ஜி.பி.யிடம், அதாவது எங்கள் பகுதிக் குடும்ப டாக்டரிடம் போனோம். "வீட்டில் தமிழ், நர்சரியில் ஆங்கிலம். அதனால்தான் தாமதம், பொறுத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். பொறுத்தோம். வீட்டில் தமிழ் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டோம். ஒன்பது மாதம் கழித்து வேறொரு டாக்டர்தான் காதுப் பரிசோதனைக்கு எழுதினார். காதுக்குள் பசை மாதிரி நீர் தேங்கியிருந்தது. க்ளூ இயர் என்கிறார்கள். பிள்ளைக்கு எல்லாமே மங்கலாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டு மொழி பேசுவதால் பேச்சுக் கோளாறு வராது என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் புகார் கொடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. டாக்டரைக் குறை சொல்லலாமா, அடுத்த முறை பிள்ளையைப் பார்க்க மறுப்பார்களோ, விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம். புதிதாக வந்தவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவையின் சிகிச்சை பற்றிப் புகார் கொடுப்பது உங்கள் உரிமை. விசாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புகார்க் கடிதங்களைப் பிள்ளையின் மருத்துவப் பதிவுகளோடு சேர்க்காமல் தனியாகத்தான் வைப்பார்கள். புகார் கொடுத்ததற்காகச் சிகிச்சையில் குறை வைக்கவும் கூடாது.

ஆனால் பிள்ளையின் நிலை இப்போதே மோசமாக இருந்தால் புகாரைத் தள்ளி வையுங்கள். வீட்டில் இருந்தால் அவசர எண் 999-ஐக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் இருந்தால் 'மார்த்தா விதி' என்று கேளுங்கள். 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி லண்டன் மருத்துவமனை ஒன்றில், தொற்று உடல் முழுக்கப் பாதிக்கும் செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் கவலையோடு சொன்னதை அங்கே காதில் வாங்கவில்லை. முன்பே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்றுதான் மரண விசாரணையில் முடிவானது. அவளுடைய பெற்றோர் போராடியதால் 2024 முதல் இந்த விதி மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தது. வார்டு டாக்டர்கள் கேட்கவில்லை என்றால், தீவிர சிகிச்சை தெரிந்த வேறொரு குழுவை வந்து பார்க்கச் சொல்லிப் பெற்றோரே கூப்பிடலாம். அதற்கான எண்ணை வார்டில் ஒட்டியிருப்பார்கள்.

சரி, அவசரம் இல்லை, ஆனால் சொன்ன நோய் தவறு என்று மனதில் படுகிறது. அப்போது இரண்டாவது டாக்டரின் கருத்து வேண்டும் என்று ஜி.பி.யிடம் கேளுங்கள். கூடவே பிள்ளையின் மருத்துவப் பதிவுகளின் நகலையும் கேளுங்கள். பெற்றோர் பொறுப்பு (பிள்ளைக்காக முடிவெடுக்கும் சட்ட உரிமை) உள்ளவர் கேட்கலாம், கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். எனக்கு வந்த நகலில் அந்த நாளுக்கு எதிரே ஒரே ஒரு வரிதான் இருந்தது: இரு மொழிக் குடும்பம், தாய்க்கு ஆறுதல் சொல்லப்பட்டது. காதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் புகாருக்கு ஆதாரமாக நின்றது அந்த வரிதான்.

முதலில் நான் எழுதிய கடிதம் நான்கு பக்கம். முழுக்கக் கோபம். உள்ளூர் கவுன்சில் ஏற்பாட்டில், என்.எச்.எஸ். புகார்களுக்கு இலவசமாக உதவுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு அம்மா அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "இவர்களிடமிருந்து உங்களுக்கு என்ன பதில் வேண்டும்?" என்று கேட்டார். யோசித்தபோது மூன்று கேள்விதான் மிஞ்சியது. பேச்சு வராத பிள்ளைக்குக் காதுப் பரிசோதனை ஏன் செய்யவில்லை? மொழிதான் காரணம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? அடுத்த பிள்ளைக்கு இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்? தேதி வாரியாக நடந்ததை எழுதி, கீழே இந்த மூன்றையும் போட்டேன். ஒரு பக்கத்தில் முடிந்தது. திட்டி எழுதினால் திட்டுக்குத்தான் பதில் வரும். கேள்வியாக எழுதினால் தப்பிக்க முடியாது.

மருத்துவமனை விஷயம் என்றால் முதலில் அங்கேயே இருக்கும், நோயாளிகளுக்கும் குடும்பத்துக்கும் உதவும் 'பால்ஸ்' (PALS) அலுவலகத்தில் பேசிப் பார்க்கலாம். தள்ளிப்போன அப்பாயின்ட்மென்ட் மாதிரியான சின்னச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் முறையான புகார். ஜி.பி. என்றால் அந்த சர்ஜரியின் (ஜி.பி. கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மேனேஜருக்கு எழுதலாம். அவர்களுக்கே எழுத மனமில்லை என்றால் உங்கள் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளைத் திட்டமிடும் அமைப்பான ஐ.சி.பி.க்கு (ICB) எழுதலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான். வாயால் சொன்னாலும் புகார்தான், ஆனால் எழுத்தில் இருப்பது நல்லது.

சம்பவம் நடந்து, அல்லது உங்களுக்குத் தெரியவந்து, 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று வேலை நாளுக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகலாம். ஆறு மாதம் தாண்டினால் ஏன் என்று அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு 16 வயது ஆகிவிட்டால் பிள்ளையின் சம்மதக் கையெழுத்தையும் கேட்பார்கள். நஷ்டஈடு வேண்டும் என்றால் அது வக்கீல் வழி, இந்தப் புகாரில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்குச் செலவில்லை. மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். தம்பியின் நோயை அம்மாவிடம் எடுத்துச் சொல்லும் வேலை பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

எனக்குப் பதில் வர நான்கு மாதம் ஆனது. மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். பேச்சுத் தாமதம் என்று வரும் எல்லாப் பிள்ளைகளையும் இனிக் காதுப் பரிசோதனைக்கு அனுப்புவதாக எழுதியிருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. உங்களுக்கு வரும் பதில் போதவில்லை என்றால் நாடாளுமன்ற, சுகாதார சேவை ஆம்பட்ஸ்மனிடம், அதாவது என்.எச்.எஸ்.ஸைச் சேராத புகார் விசாரணை அதிகாரியிடம் போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை. கடைசியாக வந்த பதில் கடிதத்தைக் கேட்பார்கள், அதனால் எந்தக் கடிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். இவ்வளவும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வழி வேறு.