கிங்ஹாமில் ஒரு வார இறுதி: ரயில் டிக்கெட் முதல் வயல்பாதை வரை

என்னோடு வேலை பார்த்த ஆங்கிலேயத் தோழி ஒருத்தியும் அவள் கணவரும் லண்டனைக் காலி செய்துவிட்டு, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் மேற்கு ஓரத்தில் கிங்ஹாம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியேறி நான்கு வருடம் ஆகிறது. அதிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது சனி ஞாயிறு அங்கே போய்விடுகிறேன். லண்டனில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு, கிங்ஹாம் பக்கத்துக் குன்றுப் பகுதியான கோட்ஸ்வோல்ட்ஸ் என்றால் காரில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் போய், கூட்டத்தோடு கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதோடு சரி. தெரிந்தவர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, காலையில் வாசலிலிருந்தே வயலுக்குள் இறங்கி நடப்பது வேறு சுகம். கார் தேவையே இல்லை. ஆனால் பாதை பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். முதல் தடவை நான் தடுமாறியது அங்கேதான், அதனால் மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

1. டிக்கெட்

லண்டன் பாடிங்டன் நிலையத்திலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு தாண்டி வூஸ்டர் பக்கம் போகும் வண்டி. கிங்ஹாமுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். என் கட்சி, நெரிசல் இல்லாத நேரத்தில் போய்வரும் ‘ஆஃப்-பீக் ரிட்டர்ன்’ டிக்கெட்தான். ‘அட்வான்ஸ்’ டிக்கெட் மலிவாகக் கிடைக்கலாம், ஆனால் அது குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும், ஞாயிறு மதியச் சாப்பாடு நீண்டுகொண்டே போகும்போது கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆஃப்-பீக் ரிட்டர்னில் திரும்பி வர ஒரு மாத அவகாசம் உண்டு. நெட்வொர்க் ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை வைத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒரே கார்டில் நான்கு பெரியவர்கள் வரை சேர்ந்து போகலாம், கூட வரும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு நிபந்தனை அதில் இருக்கிறது, அது வார நாட்களுக்கு மட்டும்தான்.

ஆய்ஸ்டர் கார்டையோ வங்கிக் கார்டையோ வாசலில் தட்டிவிட்டு ஏறும் பழக்கம் இங்கே செல்லாது. கிங்ஹாம் அந்த வட்டத்துக்கு வெளியே, டிக்கெட் எடுத்த பிறகே ஏறுங்கள்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருப்பவர்களுக்கு ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் நேராகவே பாடிங்டன் வருகிறது. ஆனால் அது வந்து நிற்பது பெரிய நிலையத்தின் பின்கோடியில். அங்கிருந்து உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்குப் பையோடு நல்ல நடை இருக்கிறது, கால் மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் நேஷனல் ரயில் தளத்தில் தண்டவாள வேலை ஏதும் உண்டா என்று பார்த்துவிடுங்கள். இந்த நாட்டில் அந்த வேலைக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும், நடுவழியில் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் திரும்பும் நேரம் ஒரேயடியாக மாறிவிடும். அப்புறம், அந்தத் தடத்தில் சில நிலையங்களின் நடைமேடை ரயிலை விடக் குட்டை, எல்லாப் பெட்டியின் கதவும் திறக்காது. அறிவிப்பைக் காதில் வாங்கி முன்கூட்டியே சரியான பெட்டிக்கு நகர்ந்துவிடுங்கள்.

நிலையத்தில் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி டாக்சி வரிசை எதிர்பார்க்க வேண்டாம். எந்த வண்டியில் வருகிறேன் என்று நண்பரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் வந்து கூட்டிப் போவார்.

2. கையில் என்ன கொண்டுபோவது

வெறுங்கையை வீசிக்கொண்டு யார் வீட்டுக்கும் போகாதே என்று அம்மா சொல்லி வளர்த்தார். இங்கேயும் அதே வழக்கம்தான், ஒயினோ பூங்கொத்தோ கொண்டுபோவார்கள். நான் ஈஸ்ட் ஹாமில் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு போய், சனிக்கிழமை ராத்திரிச் சமையல் என்னுடையது என்று முன்பே சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு நாளும் அவர்களே அடுப்படியில் நிற்பது எனக்குப் பொறுக்காது. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, கூடத்துக்குப் போகும் கதவைச் சாத்திவிடுங்கள். கடுகு வெடித்து மிளகாய் கருகும் நேரத்தில் புகை அலாரம் கத்த ஆரம்பித்துவிடும்.

வீடுகள் தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் கட்டியவை, சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். மே மாதத்திலும் உள்ளே சில்லென்று இருக்கும், கனமான சாக்ஸும் ஸ்வெட்டரும் வேண்டும். கேஸ் குழாய் வராத கிராமங்கள் நிறைய. தோட்டத்தில் ஒரு தொட்டியில் எண்ணெய் நிரப்பி அதில்தான் வீட்டையும் தண்ணீரையும் சூடாக்குகிறார்கள், சுடுதண்ணீர் ஒரு அளவுக்குத்தான் இருக்கும். நீளக் குளியல் போடுமுன் வேறு யாராவது குளிக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழிவுநீரும் செப்டிக் டேங்குக்குப் போகும் வீடாக இருந்தால் ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறைக்குள் போடவே கூடாது.

3. வரைபடம்: நான் தடுமாறிய இடம்

கூகுள் மேப்பை நம்பி இறங்காதீர்கள். வயல்பாதைகளில் பாதி அதில் இருக்காது. இந்நாட்டு அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரைபடம் வாங்குங்கள், ஆரஞ்சு அட்டை போட்டிருக்கும், கோட்ஸ்வோல்ட்ஸுக்கு எண் ஓஎல் 45. 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். இளஞ்சிவப்பு அட்டை போட்ட ‘லேண்ட்ரேஞ்சர்’ வேண்டாம், அதில் வயல் வேலிகள் கிடையாது. எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு வேலியும் மெல்லிய கருப்புக் கோடாக இருக்கும், பாதை பிடிக்க அதுதான் ஆதாரம். காகிதப் படத்தோடு போனில் இறக்கிக்கொள்ளும் குறியீடும் தருகிறார்கள். இருந்தாலும் நான் காகிதத்தைத்தான் முதலில் எடுப்பேன். பள்ளத்தாக்கில் சிக்னல் போய்விடும், மழைத்துளி விழுந்த திரையில் விரல் வேலை செய்யாது.

இப்போது கவனியுங்கள். படத்தில் பச்சையிலும் புள்ளிக்கோடு இருக்கும், கருப்பிலும் இருக்கும். முதல் தடவை நான் கருப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். தரையில் டிராக்டர் தடம் தெளிவாகத் தெரிந்தது, படத்திலும் கோடு இருந்தது, இதற்கு மேல் என்ன வேண்டும்? அரை மணி நேரம் நடந்து ஒரு பண்ணையின் கொட்டகை முன்னால் போய் நின்றேன். வயதான விவசாயி ஒருவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கோபப்படவில்லை. என் கையிலிருந்த படத்தில், மண் ஒட்டிய விரலை வைத்து, கருப்புக் கோட்டை விட்டுப் பச்சைக்கு நகர்த்தினார். “நீங்கள் நடக்க வேண்டியது இது” என்றார்.

கருப்புப் புள்ளிக்கோடு என்றால் தரையில் ஒரு தடம் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். நடக்கும் உரிமை பச்சையில்தான். பச்சையில் சின்னச் சின்ன கோடாக இருந்தால் நடைபாதை, நீளக் கோடாக இருந்தால் குதிரையும் சைக்கிளும் போகலாம். பச்சை வைரக் கட்டங்கள் வந்தால் பெயருள்ள நெடும்பாதை. கிங்ஹாமுக்குப் பக்கத்தில் பிளெடிங்டன் வழியாக ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் வே அப்படித்தான் போகிறது. (பிளெடிங்டன் என்னவோ குளோஸ்டர்ஷயரில் இருக்கிறது.) ஆரஞ்சுக் கோடு நிலத்துக்காரர் தானாக அனுமதித்த பாதை, அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தரையில் கம்பத்தில் மஞ்சள் அம்பு நடைபாதைக்கு, நீல அம்பு குதிரைப்பாதைக்கு.

இது புரிந்த பிறகும் இன்னொரு சிக்கல் எனக்கு இருந்தது. நம்மில் வயக்காடு உள்ள குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அது வரும் என்று நினைக்கிறேன். நாம் வரப்பில் நடந்து பழகியவர்கள். பயிரை மிதித்தால் தாத்தா கையில் இருப்பதை எடுத்து வீசுவார். இங்கே பச்சைக் கோடு பல இடங்களில் வயலின் நட்ட நடுவே குறுக்கே போகிறது! மே மாதம், முழங்கால் உயரத்துக்குக் கோதுமை. மனசு கேட்காமல் வேலியோரமாகச் சுற்றிப் போனேன், அடுத்த கதவு கண்ணில் படவே இல்லை. தோழியின் கணவர் அன்று சாயங்காலம் விளக்கினார். பாதை எங்கே குறுக்கே போகிறதோ அங்கேதான் உரிமை. உழுத பிறகு பாதையைத் திரும்ப நடக்கிற மாதிரி அமைத்துக் கொடுப்பது விவசாயியின் சட்டக் கடமை, குறைந்தது ஒரு மீட்டர் அகலம். ஓரமாகச் சுற்றினால்தான் உரிமை இல்லாத இடத்தில் நடக்கிறோம். எனவே தைரியமாகக் குறுக்கே போங்கள், ஆனால் ஒருவர் பின் ஒருவராக.

மறுநாள் அதே மாதிரி ஓர் எண்ணெய்க்கடுகு வயலுக்குள் இறங்கினேன். நம் கடுகின் சொந்தக்காரச் செடிதான், மார்பு உயரம், மஞ்சள் பூ கொட்டிக் கிடக்கிறது, நடுவில் ஓர் ஆள் போகும் அகலத்துக்கு வெட்டி வைத்த சந்து. வெளியே வரும்போது சட்டை முழுக்க மஞ்சள் தூள். அந்தச் சந்தை எனக்காக யாரோ ஒரு விவசாயி விட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது ரொம்ப நேரம் பேச்சே வரவில்லை.

நடைமுறை: கிளம்புமுன் படத்தில் உங்கள் பச்சைக் கோட்டை விரலால் தடவி, எத்தனை வேலி தாண்டுகிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு வேலியிலும் நின்று எண்ணிக்கையைச் சரிபாருங்கள். எதிர்ப்பக்க வேலியில் கதவோ, ஏறி இறங்கும் மரப்படியோ எங்கே என்று முதலில் கண்ணால் பிடித்துவிட்டு அதை நோக்கி நேராக நடங்கள். கதவு திறந்து கிடந்தால் திறந்தே விடுங்கள், சாத்தியிருந்தால் சாத்துங்கள்.

4. மாடு, சேறு, வெளிச்சம்

கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகவே போகாதீர்கள். நம்மூர் மாடு மாதிரி மனிதப் பழக்கம் உள்ளவை அல்ல அவை. அந்த இடத்தில் மட்டும் தாராளமாகச் சுற்றிப் போங்கள், திரும்பிப் பாதையைப் பிடித்துக்கொள்ளலாம். நண்பரின் நாயைக் கூட்டிப் போயிருந்து மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பித்துக்கொள்ளும், நாம்தான் மாட்டிக்கொள்வோம்.

மழைக்கால பூட்ஸ் இரண்டு மைலுக்கு மேல் காலைக் கடிக்கும், கணுக்கால் மூடும் நடைக்காலணிதான் என் தேர்வு. டிசம்பரில் நான்கு மணிக்கு இருட்டிவிடும், ஜூனில் ஒன்பது தாண்டியும் வெளிச்சம். சாய்ந்த வெயிலில் சில புல்வெளிகள் அலை அலையாக மேடும் பள்ளமுமாகத் தெரியும். இடைக்காலத்தில் எருது பூட்டி உழுத சால்களின் தடம் அது, அதன் பிறகு ஏர் படாததால் புல்லுக்கடியில் அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

5. ஞாயிறு மதியம்

பப்பில் ‘சண்டே ரோஸ்ட்’ (வறுத்த இறைச்சியோடு ஞாயிறு மதியச் சாப்பாடு) என்றால் மேசையை முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். பல இடங்களில் மூன்று மணி வாக்கில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். பெரும்பாலான பப்களில் குடிப்பதற்கு நாமே கவுண்டருக்குப் போய் வாங்க வேண்டும். ஒரு சுற்று அவர்கள் வாங்கினால் அடுத்தது நம்முடையது. பிறகு நான் நான்கு மணிக்கு மேல் வரும் வண்டியில் ஏறிவிடுவேன்.

பிறகு சேர்த்தவை

சைவம் மட்டும் சாப்பிடுபவர் ஒருவர், பப்பில் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தார். கொட்டைகளில் செய்த ‘நட் ரோஸ்ட்’ பல பப்களில் கிடைக்கும், ஆனால் தட்டில் கூட வரும் உருளைக்கிழங்கைப் பல சமையலறைகளில் மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ வறுக்கிறார்கள். எனக்கும் ஓரிடத்தில் பாதி தின்ற பிறகுதான் தெரிந்தது. யார்க்ஷயர் புட்டிங்கில் முட்டை உண்டு. கிழங்கு எதில் வறுத்தது, கிரேவி எதில் செய்தது என்று மேசை பதிவு செய்யும்போதே கேளுங்கள், வேறாகச் செய்து தருவார்கள்.

தள்ளுவண்டிக் குழந்தையோடு போகலாமா என்று இருவர் கேட்டார்கள். மரப்படியில் வண்டியைத் தூக்கி ஏற்றுவது பெரும்பாடு, ஒருவர் மட்டும் நுழையும் வளைவுக் கதவிலும் அது நுழையாது. தோளில் கட்டிக்கொள்ளும் தூளி வாங்குங்கள். அந்தக் கதவை ஆங்கிலத்தில் ‘கிஸ்ஸிங் கேட்’ என்கிறார்கள், நண்பர் அப்படிச் சொன்னால் திகைக்க வேண்டாம்.

இன்னொருவர் செந்தட்டி மாதிரி ஒரு செடி காலில் பட்டு எரிந்ததாக எழுதியிருந்தார். அது ‘நெட்டில்’, கோடையில் பாதையோரம் இடுப்பளவு வளரும். எவ்வளவு வெயிலானாலும் முழு பேண்ட் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், நசுக்கவோ திருகவோ கூடாது.