ஹீலியம் பிளான்ட்டை கூல்டவுன் பண்றது எப்படி

லீவுக்கு காரைக்குடி வந்தப்ப பிசிக்ஸ் படிக்கிற ரெண்டு தம்பிங்க வீட்டு முகப்புல உக்காந்து ஹீலியம் பிளான்ட்டை, அதாவது ஹீலியம் கேஸைத் திரவமாக்கி காந்தம், கேவிட்டியெல்லாம் குளிர வைக்கிற மெஷினை, எப்படி குளிருக்கு இறக்குறதுன்னு கேட்டாங்க, ஆக்ஸிலரேட்டர் (துகள் முடுக்கி) லேப்ல வேலைக்குச் சேரப்போற எல்லாருக்கும் ஆகும்னு இங்க எழுதுறேன்.

முதல்ல சுத்தம், இதுல மட்டும் அவசரமே படாதீங்க. மைனஸ் 269 டிகிரில ஹீலியம் ஒண்ணுதான் திரவமா நிக்கும், மத்தபடி உள்ள இருக்கிற காத்து, ஈரம், கம்ப்ரஸர் ஆயில் எல்லாம் கல்லா உறைஞ்சிரும். அதனால லைனை வேக்குவம் இழுத்து, சுத்தமான ஹீலியம் விட்டு, மறுபடி இழுத்து, மூணு நாலு தடவையாவது பர்ஜ் பண்ணுங்க. நான் புதுசுல இருந்த ஒரு லேப்ல ரெண்டு தடவையோட நிறுத்திட்டோம், 20 கெல்வின் (மைனஸ் 253 டிகிரி) கிட்ட வந்ததும் ஜேடி வால்வை, அதாவது கேஸை விரிய விட்டு குளிர வைக்கிற கடைசி வால்வை, எவ்வளவு திறந்தாலும் ஃப்ளோ குறைஞ்சுக்கிட்டே போகுது, வெளியில இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல, உள்ள காத்து உறைஞ்சு அடைச்சிருக்கு. மொத்தத்தையும் சூடேத்தி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம், ஒரு வாரம் போச்சு.

அடுத்து கம்ப்ரஸர் அமுக்கின ஹீலியத்தோட சூட்டை தண்ணில எடுத்துட்டு, லிக்விட் நைட்ரஜன்ல 77 கெல்வினுக்கு இறக்கி, டர்பைன்ல விடணும். டர்பைனை சுத்த வெக்கிறதுலயே கேஸோட சக்தி போய் அது குளிர்ந்துரும். டர்பைன் இல்லாம நேரா ஜேடி வால்வுல விட்டா என்னண்ணேன்னு சின்னவன் கேட்டான், ரொம்ப நல்ல கேள்வி. சுமார் 40 கெல்வினுக்கு மேல இருக்கிற ஹீலியம் வால்வு வழியா விரிஞ்சா குளிராது, கொஞ்சம் சூடாகும். அதுக்கும் நல்லாக் கீழ டர்பைன் இறக்கித் தந்தப்புறம்தான் வால்வு வேலை செய்யும்.

வெளிச் சூடு உள்ள போகாம நடுவுல தடுக்கிற ஷீல்டு புரியணும்னா நம்ம வீட்டையே பாருங்க. சூடு முகப்புல நின்னுரும், உள்கட்டுக்குப் போனா ஆத்தங்குடிக் கல்லு காலுக்கு சில்லுன்னு இருக்கும். அதே மாதிரி நடுவுல 77 கெல்வின்ல ஒரு ஷீல்டு வெச்சா உள்ள அடிக்கிற கதிர்வீச்சு சூடு 200 மடங்குக்கு மேல குறையும்.

பெரிய காந்தம்னா மெதுவா குளிர வைங்க, இரும்பும் ஸ்டீலும் ஒரே சீரா சுருங்காட்டி ஜாயின்ட் விட்டுரும். நியோபியம் கேவிட்டிக்கு (துகளுக்கு வேகம் குடுக்கிற உலோகக் கூடு) மட்டும் 150-லேருந்து 100 கெல்வின் வரைக்கும் வேகமா கடந்துருங்க, அங்க தங்கினா உலோகத்துல இருக்கிற ஹைட்ரஜன் ஹைட்ரைடா படிஞ்சு கேவிட்டி சூடாக ஆரம்பிச்சிரும்.

ரூம்ல ஆக்ஸிஜன் குறைஞ்சா அடிக்கிற அலாரத்தை ஒருநாளும் ஆஃப் பண்ணாதீங்க. ஒரு லிட்டர் திரவம் ஆவியானா 700 லிட்டருக்கு மேல கேஸ், அது ரூம் காத்தைத் தள்ளிரும். ஹீலியம் மேல ஏறும், அதனால அலாரம் அடிச்சா குனிஞ்சுக்கிட்டே வெளிய ஓடுங்க. ஆவியான ஹீலியத்தைச் சேத்து வைக்கிற ரெக்கவரி பைக்குப் போற லைன் திறந்திருக்கான்னு பாத்துட்டுத்தான் திரவத்தை டிரான்ஸ்ஃபர் பண்ணணும், விட்ட ஹீலியம் திரும்ப வராது.