பகுதியெண்ணில் தொடங்கும் பிழைகள்: புள்ளிவிபரவியல், நிகழ்தகவுக் கணக்குகளில் தவிர்க்க வேண்டியவை

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர் தரத்துக்கும் கணிதம் படிக்கும் மாணவரின் விடைத்தாளில் நிகழ்தகவு வினா ஒன்று பிழைத்திருந்தால், பெரும்பாலும் சூத்திரம் அங்கே ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பெருக்கலும் கூட்டலும்கூடச் சரியாகவே இருக்கும். பிழைத்திருப்பது பின்னத்தின் பகுதியெண். எத்தனை பேரில், எத்தனை பேறுகளில் (வரக்கூடிய விளைவுகளில்), எந்தக் கூட்டத்துக்குள் நின்று எண்ணுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமலே பெருக்கத் தொடங்கிவிடுவதுதான் அங்கு நடப்பது.

தரவுகளைக் கையாளும் பகுதியில் இது எளிய உருவில் வரும். ஒரு வகுப்பில் 20 மாணவர், அவர்களது புள்ளிகளின் இடை, அதாவது சராசரி, 60. மற்றொரு வகுப்பில் 30 மாணவர், இடை 45. இரு வகுப்புக்கும் சேர்த்து இடை யாது என்று கேட்டால் 52.5 என்ற விடை உடனே வந்துவிடும். மொத்தப் புள்ளிகள் 1200 உம் 1350 உம் சேர்ந்து 2550. மாணவர் 50 பேர். ஆகவே இடை 51. இரு இடைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது, இரு வகுப்பிலும் எண்ணிக்கை சமமாக இருந்தாலோ இரு இடைகளும் ஒன்றாக இருந்தாலோ மட்டுமே சரிவரும்.

ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் பெறுமானமாகிய இடையத்தைக் காண்பதில் இரண்டு பிழைகள் சேர்ந்தே நேர்கின்றன. ஒன்பது குடும்பங்களின் வயற்காணி ஏக்கரில் 3, 1, 36, 2, 4, 2, 1, 3, 2 எனத் தரப்பட்டிருக்கிறதென்று கொள்வோம். ஐந்தாவது எண்ணே இடையம் என்று நினைத்து, தரப்பட்ட ஒழுங்கிலேயே எண்ணி 4 என எழுதுவோர் உண்டு. ஒன்பதுடன் ஒன்றைக் கூட்டி இரண்டால் வகுத்துக் கிடைக்கும் 5 ஐயே விடையாக எழுதுவோரும் உண்டு, அது இடத்தைக் காட்டும் எண்ணேயன்றிப் பெறுமானமன்று. ஏறுவரிசைப்படுத்தினால் இடையம் 2 ஏக்கர். இடையோ 6 ஏக்கர். எட்டுக் குடும்பங்களிடம் அதைவிடக் குறைவாகவே காணி இருக்கிறது. இதைக் கொண்டு இடையை நம்பக்கூடாதென்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை. ஒன்பது குடும்பங்களின் வயல்களுக்கும் சேர்த்து எவ்வளவு பசளை வேண்டும் என்று கணக்கிடுபவருக்கு இடையே பயன்படும். அங்கே சாதாரணக் குடும்பமொன்றிடம் எவ்வளவு காணி உண்டு என்று அறிய விரும்புபவருக்கு இடையம். வன்னியின் மழையும் அப்படித்தான்: ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலேயே பெய்துவிடுவதால், ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து வரும் மாத இடை, மாரிக்கும் பொருந்தாது, கோடைக்கும் பொருந்தாது.

எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் நியம விலகல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்களின் வர்க்கங்களைக் கூட்டுவதையும் கூட்டுத்தொகையை வர்க்கிப்பதையும் ஒன்றென நினைப்பது, இடையை முன்கூட்டியே மட்டந்தட்டிவிடுவது, நியம விலகலின் வர்க்கமாகிய மாறற்றிறனின் அலகு வர்க்க அலகு என்பதை மறப்பது ஆகியவையே வழக்கமான சறுக்கல்கள். மாறற்றிறன் மறைப்பெறுமானமாக வந்தால் மேலே செல்லாமல் திரும்பிப் பார்க்க வேண்டும்.

நிகழ்தகவில் முதற் சறுக்கல், பேறுகளை எண்ணிவிட்டு அவை யாவும் சமநேர்தகவுடையவை, அதாவது நிகழ ஒரே அளவு வாய்ப்புள்ளவை, என்று எடுத்துக்கொள்வது. பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் தாலம்பேர், 1754 இல் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், ஒரு நாணயத்தை இருமுறை சுண்டும்போது ஒருமுறையேனும் தலை விழும் நிகழ்தகவு 2/3 ஆக இருக்க வேண்டுமென வாதிட்டார். முதலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது, ஆகவே தலை, பூ–தலை, பூ–பூ என மூன்றே பேறுகள் என்பது அவர் நியாயம். அம்மூன்றும் ஒரே எடை கொண்டவையல்ல. முதலாவதன் நிகழ்தகவு 1/2, மற்றவை ஒவ்வொன்றும் 1/4, ஆகவே விடை 3/4. நாளை மழை பெய்யும் அல்லது பெய்யாது, எனவே நிகழ்தகவு 1/2 என்று எழுதுபவரும் அதே தவறையே செய்கிறார். ஓகஸ்ட் மாதத்தில் அவர் சொல்வதை நம்பி எந்தக் கமக்காரரும் விதைக்கமாட்டார்.

அடுத்தது, எடுத்ததைத் திரும்ப வைக்கிறோமா இல்லையா என்பது. பெட்டியொன்றில் 10 தேங்காய்கள். 6 நல்லவை, 4 அழுகியவை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டை எழுமாற்றாக எடுத்தால் இரண்டும் நல்லவையாக இருக்கும் நிகழ்தகவு 6/10 × 5/9, அதாவது 1/3. இரண்டாவது பின்னத்தையும் 6/10 என எழுதினால் முதலாவது தேங்காயைப் பெட்டியிலே திரும்பப் போட்டதாகிவிடும். ஒரே தடவையில் இரண்டை எடுப்பதும் திரும்ப வைக்காமல் எடுப்பதும் கணக்கில் ஒன்றுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சரியாக ஒன்று மட்டும் நல்லது என்று கேட்டால் மரவரிப்படத்தில் இரு கிளைகள் உண்டு. முதலாவது நல்லதாகவும் இருக்கலாம், இரண்டாவது நல்லதாகவும் இருக்கலாம். ஒரு கிளையோடு நின்றவர் 4/15 எனப் பாதி விடை எழுதுவார். முழு விடை 8/15. இரண்டும் நல்லவை, ஒன்று மட்டும் நல்லது, இரண்டும் அழுகியவை ஆகிய மூன்றின் நிகழ்தகவுகளும் சேர்ந்து 1 ஆகின்றனவா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

‘அல்லது’ வந்தால் கூட்டு, ‘உம்’ வந்தால் பெருக்கு என்று தனியார் வகுப்புகளில் மனனம் செய்விக்கும் வழக்கம் நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது என்பது என் எண்ணம். 40 குடும்பங்களில் 24 குடும்பங்கள் நெல் விதைக்கின்றன, 22 குடும்பங்கள் மாடு வளர்க்கின்றன, 14 குடும்பங்கள் இரண்டும் செய்கின்றன என்று தந்தால், மனனம் செய்தவர் கூட்டி 46/40 என்று எழுதுவார். ஒன்றைத் தாண்டிய நிகழ்தகவு எதுவும் இல்லை, இரண்டும் செய்யும் 14 குடும்பங்கள் இருமுறை எண்ணப்பட்டுவிட்டன, விடை 32/40. வெறும் கூட்டல், தம்முள் புறநீங்கும் (ஒருங்கே நடக்க முடியாத) நிகழ்ச்சிகளுக்கே உரியது. வெறும் பெருக்கல், சாரா (ஒன்று நடப்பது மற்றதன் நிகழ்தகவை மாற்றாத) நிகழ்ச்சிகளுக்கே உரியது. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவது மிகப் பரவலான பிழை. உண்மையில், பூச்சியமல்லாத நிகழ்தகவுடைய இரு நிகழ்ச்சிகள் தம்முள் புறநீங்குமாயின் அவை ஒருபோதும் சாரா நிகழ்ச்சிகளாக இருக்க முடியாது. ஒன்று நடந்ததென்று அறிந்தால் மற்றது நடக்கவில்லை என்பது உறுதியாகிவிடுகிறதல்லவா?

‘ஆகக்குறைந்தது ஒருமுறை’ என்று கேட்கும் வினாக்களில் நிரப்பி நிகழ்ச்சியிலிருந்து, அதாவது ஒருமுறையும் நடக்காதிருப்பதிலிருந்து, தொடங்குவதே நல்லது. 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தபின், இப்படியொரு வெள்ளம் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்ற பேச்சு இங்கு இயல்பாகவே எழுந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை என்று சொல்லப்படும் வெள்ளத்தின் பொருள், ஒவ்வோர் ஆண்டிலும் அது வரும் நிகழ்தகவு 1/10 என்பதே. ஆண்டுகள் ஒன்றையொன்று சாரா எனக் கொண்டால், பத்தாண்டில் ஒருமுறையும் வராதிருக்கும் நிகழ்தகவு 0.9 இன் பத்தாம் வலு, ஏறத்தாழ 0.35, ஒருமுறையேனும் வரும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.65. பத்து ஆண்டை 1/10 ஆல் பெருக்கி நிச்சயம் வரும் என்பவரும் பிழைக்கிறார். போன வருடம் வந்துவிட்டது, இனி ஒன்பது வருடம் பயமில்லை என்பவரும் பிழைக்கிறார். சாராமை என்ற எடுகோளையும் எங்கும் பொருத்திவிட முடியாது. நேற்றிரவு யானை புகுந்த தோட்டத்துக்குள் இன்றிரவும் அது புகக்கூடும். மாரியில் மழைநாளை அடுத்து மழைநாளே வரக்கூடும். அங்கே பெருக்கல் விதி பிழையான விடையையே தரும்.

எல்லாவற்றிலும் கடினமானது நிபந்தனை நிகழ்தகவை, அதாவது ஒன்று நடந்ததென்று அறிந்தபின் மற்றது நடக்கும் நிகழ்தகவை, தலைகீழாக வாசிப்பது. வன்னிக்குப் பொருத்தமான உதாரணம் மலேரியா. ஒருகாலம் இப்பகுதியை வாட்டிய அந்நோய் இல்லாத நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார தாபனம் 2016 இல் சான்றளித்தது. அருகிவிட்ட நோய் ஒன்றுக்கான சோதனையில் ‘உண்டு’ என்று வந்தால் அதை எப்படி வாசிப்பது? பயிற்சிக்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம்: 1000 பேரில் 20 பேருக்கு நோய், அந்த 20 பேரில் 18 பேரைச் சோதனை பிடித்துவிடும், நோயற்ற 980 பேரிலும் நூற்றுக்கு ஐவருக்கு, அதாவது 49 பேருக்கு, அது தவறாக ‘உண்டு’ என்று காட்டும். நோயுள்ளவருக்கு ‘உண்டு’ என்று வரும் நிகழ்தகவு 18/20, அதாவது 0.9. ‘உண்டு’ என்று வந்தவருக்கு நோய் இருக்கும் நிகழ்தகவு 18/67, ஏறத்தாழ 0.27. தொகுதியெண் இரண்டிலும் 18. பகுதியெண் மட்டும் வேறு. சூத்திரத்தை நினைவுபடுத்த முயல்வதைவிட, இவ்வாறு ஆயிரம் பேரை எடுத்து இரண்டு நிரை, இரண்டு நிரல் கொண்ட அட்டவணையில் நிரப்பிவிடுவது பாதுகாப்பானது.

இதே வினாவின் அடுத்த பகுதியாக, ‘உண்டு’ என வந்தவருக்கு மறுபடியும் அதே சோதனையைச் செய்தால் என்னவாகும் என்று கேட்கப்படலாம். அப்போது பகுதியெண் 1000 இலிருந்து எழுவதில்லை. 18 நோயாளரும் 49 நோயற்றோருமான 67 பேரே இப்போது நம் கூட்டம். இரு சோதனைகளும் ஒன்றையொன்று சாராதவையாயின், இரண்டாம் முறையும் ‘உண்டு’ என எதிர்பார்க்கப்படுவோர் நோயாளரில் 16.2, நோயற்றோரில் 2.45, நிகழ்தகவு ஏறத்தாழ 0.87 ஆக உயர்கிறது. ஆனால் முதற் சோதனை தவறியதற்குக் காரணம் அந்த ஆளின் இரத்தத்திலேயே இருக்குமாயின், இரண்டாம் சோதனையும் அதே 49 பேரிடம் அப்படியே தவறும், அப்போது 0.05 ஆல் மீண்டும் பெருக்க நமக்கு உரிமையில்லை.