சால்டர் வைக்கும்போது போர்டு ஆடக் கூடாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கல்லூரி புராஜெக்ட்டுக்காக முதன்முதலாகச் சால்டரிங் அயர்ன் பிடிக்கும் பிள்ளைகள், நல்ல அயர்ன் வாங்கக் காட்டும் அக்கறையை சர்க்யூட் போர்டைப் பிடித்து நிறுத்துவதில் காட்டுவதில்லை. போர்டு மேசையில் சும்மா கிடக்கும். ஒரு கையில் அயர்ன், மறு கையில் ஈயக் கம்பி. நுனி பட்டதும் போர்டு நகர்ந்துவிடும். கடைசியில் சர்க்யூட் வேலை செய்யாவிட்டால் பழி ஐசி (சிப்) மேல் விழும்.

பெரிய தவறு, ஈயம் இறுகும் நேரத்தில் போர்டை அசையவிடுவது. நாம் வழக்கமாக வாங்கும் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி, சுமார் 190-இல்தான் முழுக்க உருகும். ஆறும்போதும் அதே இடைவெளியைக் கூழ்போலக் கடந்துதான் இறுகும். அப்போது போர்டோ ரெசிஸ்டரின் காலோ துளி அசைந்தாலும், இறுகிக்கொண்டிருக்கும் உலோகம் உள்ளே கலைந்து, மேல்பரப்பு மங்கி, சொரசொரவென்று ஆகிவிடும். மெக்கானிக்குகள் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத இணைப்பு) என்று தேடிப் பிடிக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. மீட்டர் வைத்தால் கனெக்‌ஷன் காட்டும். பெட்டியை மூடித் தட்டினால் போய்விடும். அயர்னை எடுத்த பிறகு இரண்டு மூன்று எண்ணும்வரை எதையும் தொடாதீர்கள், வாயால் ஊதவும் வேண்டாம். 63/37 ஈயம் 183-லேயே உருகி அங்கேயே இறுகுவதால், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, ஆடக் கூடாது என்றதும் சிலர் போர்டை வைஸில் (திருகி இறுக்கும் இரும்புப் பிடி) வைத்து நெரிக்கிறார்கள். இது இன்னும் மோசம். 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள போர்டு, நெரித்தால் வில்லாக வளையும். அதன் மேல் இருக்கும் கடுகளவு செராமிக் கெபாசிட்டருக்கு வளையத் தெரியாது, உள்ளே விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது. நாள் கழித்து ஷார்ட் ஆகும். விளிம்பை மட்டும், நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். இரும்புத் தாடைக்கும் போர்டுக்கும் நடுவே ரப்பர் துண்டோ தடித்த அட்டையோ கொடுங்கள். இல்லாவிட்டால் பச்சைப் பூச்சு உரியும், சூட்டையும் இரும்பு இழுத்துக்கொள்ளும்.

முதலைக் கிளிப் வைத்த ஸ்டாண்டு பலரிடம் இருக்கிறது. அதை உயரத் தூக்கி வைத்தால் மணிக்கட்டு அந்தரத்தில் நிற்கும், கை நடுங்கும். ஒரே கிளிப்பில் பிடித்தால் போர்டு சுழலும். இரண்டு பக்கமும் பிடித்து, மேசையை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். ஸ்டாண்டு இல்லையா? கனமான பலகையில் இரண்டு மர துணிக் கிளிப்புகளை ஆணியடித்து வைத்தாலே சின்ன போர்டுக்குப் போதும். தெர்மாகோல் உருகிவிடும்; செலோடேப் சூட்டில் விட்டுவிடும். டேப்தான் வேண்டுமென்றால் சூடு தாங்கும் பழுப்பு மஞ்சள் நிற காப்டன் டேப் வாங்குங்கள்.

நம் ஊரில் இன்னொரு சங்கடம் கடற்காற்று. பையிலிருந்து எடுத்துத் திறந்தே போட்ட போர்டில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். கறுத்த இடத்தில் ஈயம் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று அயர்னை அழுத்துவோம், அழுத்தினால் எந்தப் பிடியும் நழுவும். முதலில் ரப்பரால் தேய்த்துத் துடைத்து, ஈயம் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவுங்கள். புழுக்கத்துக்கு ஃபேன் வேண்டும்தான். ஆனால் காற்று நேராகப் போர்டு மேல் அடிக்காதபடி திருப்பி வையுங்கள்.

அப்புறம், போர்டைப் பிடித்தால் மட்டும் போதாது, பாகமும் ஆடக் கூடாது. உயரம் குறைந்தவற்றை முதலில் வையுங்கள்: ரெசிஸ்டர், டையோடு, ஐசி சாக்கெட், பிறகு கெபாசிட்டர். அப்போதுதான் கவிழ்க்கும்போது எதுவும் விழாது. வரிசையாகக் கால்கள் உள்ள பின் ஹெடரை, துளைகள் நிறைந்த பழைய பிரெட்போர்டில் குத்தி நிறுத்தி, ஒரு காலுக்கு மட்டும் ஈயம் வைத்துச் சாய்வைப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அந்த ஒரு காலை மறுபடி உருக்கி நிமிர்த்தலாம். சூடேற்றும் காலில் மட்டும் விரல் வைக்காதீர்கள். நேரானதும் எதிர்முனைக் கால், அதன்பின் மற்றவை.